இடைத்தேர்தல்

சென்னை மாநகருக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பழம்பேரூர் பூவிருந்தவல்லி. மக்கள் வழக்கில் அது பூந்தமல்லி என்று வழங்கும். வைணவப் பெரியாராகிய திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர் இது. இதற்கு அண்மையில், ஆழ்வாருள் ஒருவர் பிறந்த திருமழிசை இருக்கின்றது. வடக்கே ஆவடி, அங்கே போர்க்களத்துக்குரிய டாங்கிகளைச் செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலை உண்டு. வடகிழக்கே அம்பத்தூர், அது தொழிற்பேட்டையால் புகழ் பெற்றது. வயலும் ஏரியுமாய் இருந்த இப்பகுதி, நகர் வளர வளரத் தொழிலாளரும் அலுவலரும் நெருங்கி வாழும் புறநகராக மாறிற்று.

இப்பூவிருந்தவல்லித் தொகுதி மக்களுக்கு 2017ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் முதல் 2019ஆம் ஆண்டு மே வரை, இருபது திங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் உறுப்பினர் எவரும் இல்லை. அத்தொகுதியினர் குற்றம் ஏதும் செய்தாரல்லர். வாக்களிக்கத் தவறியவரும் அல்லர். 2016ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் முறைப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியே இருந்தனர். ஆயினும் அவருடைய இருக்கை வெறுமையாயிற்று. அஃது எவ்வாறு நேர்ந்தது? அவ்வெற்றிடம் எவ்வாறு நிரம்பியது? இவற்றை அறிந்து கொண்டால், மக்களாட்சியின் அமைப்பில் இடைத்தேர்தல் என்பது எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளது என்பது தெளிவாகும்.

சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்கெனப் பொதுத்தேர்தல் நடைபெறுகின்றது. ஐந்தாண்டு முடிவதற்குள் ஓர் உறுப்பினர் இறந்து படலாம், பதவியைத் துறக்கலாம், இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் வென்று, ஒன்றை விட்டுவிடலாம். அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். குற்றவழக்கில் தண்டனை பெற்றுத் தகுதி இழத்தலும் உண்டு. அவையின் இசைவு பெறாமல் அறுபது நாள் தொடர்ந்து கூட்டங்களுக்கு வாராதிருப்பினும், அவ்விடம் காலியானதாக அவை அறிவிக்கலாம். இவ்வாறு இடையில் தோன்றும் வெற்றிடத்தை நிரப்ப, அந்த ஒரு தொகுதியில் மட்டும் நடத்தப் பெறும் தேர்தலே இடைத்தேர்தல் ஆகும். இதில் வெல்வோர் புதிதாக ஐந்தாண்டு பெறுவதில்லை. முன்னவர் விட்டுச் சென்ற எஞ்சிய காலத்துக்கே உறுப்பினராவார்.

எல்லா நாடுகளும் இம்முறையைக் கைக்கொள்ளவில்லை. செர்மனி நாட்டில் இடம் ஒன்று காலியாயின், கட்சி முன்னரே அளித்த பட்டியலில் அடுத்து நிற்பவர் அவ்விடத்துக்கு வந்துவிடுவார், தேர்தல் இல்லை. அமெரிக்க நாட்டில் பேராளர் அவைக்கு இடைத்தேர்தல் இன்றியமையாதது. மேலவையாகிய செனட்டுக்கோ, பல மாநிலங்களில் ஆளுநர் ஒருவரைத் தற்காலிகமாக அமர்த்தலாம். தொகுதிக்கு ஒருவர் என்னும் முறை நம் நாட்டில் உள்ளது. ஒரு தொகுதியின் குரலாக ஒருவரே இருக்கும்போது, அவர் இல்லையெனில் அத்தொகுதி ஊமையாகிவிடுகின்றது. ஆகவே, இங்கே இடைத்தேர்தலைத் தவிர்த்தல் இயலாது.

பூவிருந்தவல்லியின் வரலாற்றுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. வென்று, ஜெ. ஜெயலலிதா முதலமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அதன்பின் ஆளுங்கட்சியில் பிளவுகள் தோன்றின. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடப்பாடி க. பழனிசாமி முதலமைச்சர் பொறுப்பை ஏற்று, அவையில் நம்பிக்கை வாக்கும் பெற்றார். ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் அக்கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் 19 பேர் ஆளுநரைக் கண்டு, முதலமைச்சர்மீது தமக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தனர். அவருள் ஒருவர் பின்னர்த் தம் நிலையை மாற்றிக் கொண்டார். ஏனைய 18 பேரையும் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18ஆம் நாள் தகுதி நீக்கம் செய்தார். பூவிருந்தவல்லியின் உறுப்பினரும் அப்பதினெண்மருள் ஒருவர்.

பேரவைத் தலைவர்க்கு இவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது? 1985ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 52ஆம் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம் என்று மக்கள் வழங்குவது இதுவே. ஒரு கட்சியின் பெயரால் வாக்குப் பெற்று வென்றவர், பதவி கருதியோ பொருள் கருதியோ வேறு கட்சிக்குத் தாவும் இழிநிலை நாடெங்கும் பெருகியிருந்த காலம் அது. அதனைத் தடுக்க எழுந்த இவ்விதி, கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாகவே கைவிடுபவரும், கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களிப்பவரும் உறுப்பினர் பதவியை இழப்பர் என்கின்றது. அதனை முடிவு செய்யும் பொறுப்பு அவைத்தலைவரைச் சேர்ந்தது. அம்முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என்று உச்சநீதிமன்றம் 1992ஆம் ஆண்டு கூறிற்று.

தகுதி நீக்கப் பெற்றவர்கள் உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். அவர்தம் வாதம் இது: தாங்கள் வேறு கட்சியிற் சேரவில்லை, அவையில் கட்சிக்கு எதிராக வாக்களிக்கவும் இல்லை, முதலமைச்சர் ஒருவரைப் பற்றிய மனக்குறையை ஆளுநரிடம் தெரிவித்தது எவ்வாறு கட்சியை விட்டு விலகியதாகும்? மறுதரப்பினர் வேறு கூறினர்: தம் கட்சியின் ஆட்சியையே வீழ்த்தக்கூடிய கடிதத்தை ஆளுநரிடம் கொடுப்பது, கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிட்டதற்கு ஒப்பாகும். இரண்டு வாதங்களிலும் பொருள் இருந்தது என்பதற்கு அந்நீதிமன்றமே சான்று. 2018ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார். உடனிருந்து வழக்கைக் கேட்ட நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். ஒரே வழக்கு, ஒரே சட்டம், தீர்ப்புகள் இரண்டு! பின்னர் மூன்றாம் நீதிபதியாக எம். சத்தியநாராயணன் அமர்த்தப் பெற்று வழக்கை ஆராய்ந்தார். அவர் 2018ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பேரவைத் தலைவரின் முடிவு செல்லும் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதில்லை என்றும், மக்களையே சந்திப்பது என்றும் பதவி இழந்தோர் முடிவு செய்தனர்.

வழக்கு நடந்த காலமெல்லாம் இடைத்தேர்தல் நடத்தலாகாது என்று உயர்நீதிமன்றம் தடை விதித்திருந்தது. அத்தடை நேர்மையானதே. தேர்தல் நடந்து வேறொருவர் உறுப்பினராகிவிட்டபின், முன்னவரின் நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் ஓர் இருக்கைக்கு இருவர் உரியராவர். ஆனால், அந்நேர்மைக்குரிய விலையைக் கொடுத்தவர்கள் தொகுதி மக்களே. ஊரில் சாலை பழுதுற்றால், பள்ளிக்குக் கட்டடம் வேண்டுமானால், ஏரியில் கழிவுநீர் கலந்தால், அதனை அவையில் எழுப்பி அமைச்சரிடம் விடை கேட்கும் உரிமை உறுப்பினர்க்கே உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து எந்தப் பணியை முதலில் செய்வது என்று பரிந்துரைப்பவரும் அவரே. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையும் புறநகரும் கொடிய குடிநீர்ப் பஞ்சத்துக்கு உள்ளாயின. பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. அப்பஞ்சம் வளர்ந்து வந்த திங்கள்களில் இத்தொகுதிக்காக அவையில் எழுந்து பேச ஒருவரும் இல்லை. அதிகாரிகள் இருந்தனர், அலுவலகங்கள் திறந்திருந்தன, மனுக்கள் பெறப்பட்டன. எனினும், அதிகாரியிடம் மனுச் செய்தல் வேறு. அமைச்சரை அவையில் வினவுதல் வேறு.

இத்தகைய நிலை நீளலாகாது என்றே சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், 1996ஆம் ஆண்டு சேர்க்கப் பெற்ற 151அ என்னும் பிரிவு, வெற்றிடம் தோன்றிய ஆறு திங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கின்றது. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலும், உரிய காலத்தில் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மைய அரசைக் கலந்து சான்றளித்தாலும் இவ்வெல்லை பொருந்தாது. பூவிருந்தவல்லித் தேர்தல், மூன்றாம் நீதிபதியின் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணின், ஆறு திங்கள் நிறைவுற ஏறத்தாழ ஒரு வாரமே எஞ்சியிருந்தபோது நடைபெற்றது.

காலம் தாழ்த்தினால் இடைத்தேர்தல் எத்துணைப் பொருளற்றதாகிவிடும் என்பதற்கு இலங்கைத் தமிழர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1972ஆம் ஆண்டு அந்நாட்டில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அது தமிழர்க்கு நீதி வழங்கவில்லை என்று கருதிய தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம், அவ்வாண்டு அக்டோபரில் தம் காங்கேசன்துறை இடத்தைத் துறந்தார். தமிழ் மக்கள் அவ்வரசியலமைப்பை ஏற்கின்றனரா என்பதை இடைத்தேர்தலில் மக்களே கூறட்டும் என்பது அவர் விடுத்த அறைகூவல். அரசோ தேர்தலைத் தள்ளிக்கொண்டே போயிற்று. ஈராண்டுக்கு மேல் கழிந்து, 1975ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாளே வாக்குப்பதிவு நடந்தது. செல்வநாயகம் பெரும் வெற்றி பெற்றார். ஆனால், கேள்வி கேட்டதற்கும் விடை வந்ததற்கும் இடையே சென்ற காலத்தில் நாட்டின் நிலையே மாறிவிட்டது. இலங்கையில் 1989 முதல் விகிதாசார முறையில் தேர்தல்கள் நடைபெறுவதால், இன்று நாடாளுமன்றத்தில் இடம் காலியாயின் அதே கட்சியின் பட்டியலிலிருந்து அடுத்தவர் வருகின்றார். இத்தகைய அறைகூவலுக்கு இப்போது அங்கே வழியில்லை.

தமிழ்நாட்டிலும் இடைத்தேர்தல்கள் வரலாற்றைத் திருப்பியதுண்டு. 1952ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தின் முதலமைச்சரான இராசாசி, மக்கள் வாக்கால் அன்றி, நியமனத்தால் மேலவை உறுப்பினராகிப் பதவி ஏற்றார். அது குறித்து அன்றே கண்டனம் எழுந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவருக்குப் பின் முதலமைச்சரான காமராசர் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர், நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தார். அவைகளில் உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு திங்கள் வரையில்தான் அமைச்சராயிருத்தல் கூடும் என்பது அரசியலமைப்பின் 164ஆம் உறுப்பு. மேலவை என்னும் எளிய வழி காமராசர்க்கும் திறந்தே இருந்தது. அவர் அதனை நாடவில்லை. குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்றார். பொதுவுடைமைக் கட்சியினர் எதிர்த்தனர். மற்றைக் காலங்களில் காங்கிரசை வன்மையாக எதிர்த்து வந்த திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் அவரை ஆதரித்தன. காமராசர் வென்றார். அடுத்த ஆண்டு சனவரியில், பூவிருந்தவல்லிக்கு வடக்கே உள்ள ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் சமதருமப் பாணியில் அமைந்த சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தபோது, அவர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சராக அங்கு விளங்கினார்.

அதே காமராசர் 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் விருதுநகரில் தோல்வியுற்றார். 1969ஆம் ஆண்டு சனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலே அவரை மீண்டும் அவைக்கு அழைத்துச் சென்றது. 1967இல் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, தாம் வென்றிருந்த தென்சென்னை நாடாளுமன்ற இடத்தைத் துறந்து மேலவை வழியாக மாநில அவைக்கு வந்தார். அத்தென்சென்னை இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். 1973ஆம் ஆண்டு மே திங்களில் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல், எம்.ஜி.ஆர். தொடங்கி ஓராண்டும் நிரம்பாத கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது. தமிழ்நாட்டு மேலவை 1986ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதன்பின், அவையில் இல்லாத ஒருவர் அமைச்சராகித் தொடர விரும்பின் மக்கள் வாக்கைப் பெறுதலன்றி வேறு வழியில்லை.

இடைத்தேர்தலுக்கு நிழற்பக்கமும் உண்டு. மாநிலம் முழுவதும் தேர்தல் நடக்கும்போது கட்சிகளின் கவனமும் பொருளும் பல தொகுதிகளில் பரவி நிற்கும். ஒரு தொகுதியில் மட்டும் தேர்தல் எனின், அமைச்சரும் தலைவரும் தொண்டரும் அவ்வூர்த் தெருக்களிலேயே முகாமிடுவர். பணமும் அங்கேயே பாயும். ஜெயலலிதா மறைந்தபின் அவருடைய இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதிக்கு 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் நடைபெறவிருந்த இடைத்தேர்தலை, வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டதைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது. அத்தேர்தல் அவ்வாண்டு டிசம்பரில்தான் நடந்தது. வாக்கை விற்றவர் சிலராயிருக்கலாம். உறுப்பினரின்றி எட்டுத் திங்கள் கூடுதலாகக் காத்திருந்தவரோ அத்தொகுதியினர் அனைவருமே.

இனி 2019ஆம் ஆண்டுத் தேர்தலைக் காண்போம். மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் ஆணையம் நாடாளுமன்றப் பொதுத்தேர்தலை அறிவித்தபோது, தமிழ்நாட்டில் காலியாயிருந்த 18 சட்டமன்ற இடங்களுக்கும் உடன் தேர்தல் நடக்கும் என்றது. தகுதி நீக்கத்தால் காலியானவை 16; மு. கருணாநிதியின் மறைவால் காலியான திருவாரூரும், உறுப்பினர் தண்டனை பெற்றதால் காலியான ஒசூரும் ஏனைய இரண்டு. அரவக்குறிச்சி, ஒட்டப்பிடாரம், திருப்பரங்குன்றம் ஆகியவற்றில் வழக்குகள் நிலுவையில் இருந்தமையால் அவை விடப்பட்டன. பின்னர் அம்மூன்றுக்கும், உறுப்பினர் மறைவால் காலியான சூலூருக்கும் மே 19ஆம் நாள் தேர்தல் நடந்தது. ஆக மொத்தம் 22 இடங்கள். ஒரு பொதுத்தேர்தலின் பத்தில் ஒரு பங்கு எனலாம்.

ஏப்ரல் 18ஆம் நாள் பூவிருந்தவல்லி வாக்காளர் சாவடிக்குள் சென்றபோது இரண்டு எந்திரங்களைக் கண்டனர். ஒன்று திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதிக்குரியது. அதில் ஒட்டப்பெற்ற பெயர்த்தாள் வெண்ணிறமானது. மற்றொன்று இடைத்தேர்தலுக்குரியது; அதன் தாள் இளஞ்சிவப்பு. அண்டையிலுள்ள ஆவடி வாக்காளர்க்கோ, அதே திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தவராயினும், எந்திரம் ஒன்றே. அவர்தம் சட்டமன்ற இடம் காலியாகவில்லை அன்றோ? இரு தேர்தலும் ஒரே நாளில் நடந்ததனால் அரசுக்குச் செலவு குறைந்தது. ஆசிரியரும் அலுவலரும் இருமுறை தேர்தற் பணிக்குச் செல்ல நேரவில்லை. வாக்காளரும் ஒரு முறை மட்டுமே சாவடிக்குச் செல்ல நேர்ந்தது. ஆனால், நாடு முழுவதும் ஏழு கட்டமாக வாக்குப்பதிவு நடந்தமையால், எந்திரங்கள் 35 நாள் காவலில் வைக்கப்பட்டன. இருபது திங்கள் காத்திருந்த தொகுதி, வாக்களித்தபின்னும் ஐந்து வாரம் காத்திருந்தது.

பூவிருந்தவல்லி ஆதிதிராவிட மக்களுக்கு ஒதுக்கப் பெற்ற தனித்தொகுதி. அங்கே நிற்போர் கட்ட வேண்டிய பிணைத்தொகை, பொதுத்தொகுதியிற் கட்டும் பத்தாயிரம் ரூபாயில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் அத்தொகையை இழப்பர். தனித்தொகுதியாயினும் வாக்களிக்கும் உரிமை எல்லாச் சமூகத்தார்க்கும் ஒப்ப உண்டு. வேட்பாளர் மட்டுமே அவ்வகுப்பினராதல் வேண்டும். இதனை மாறுபடக் கருதுவோர் இன்றும் உளர்.

இத்தேர்தலில் ஒரு தொகுதி மக்களின் குரல் மட்டுமன்றி ஆட்சியின் நிலையும் அடங்கியிருந்தது. 234 இடங்களும் நிரம்பியிருக்கும்போது பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். இடங்கள் காலியாகக் காலியாக அவ்வெண் குறையும். 22 இடங்கள் வெறுமையாயிருந்தபோது 107 பேர் போதுமாயினர். வெற்றிடங்கள் நிரம்பியவுடன் எல்லை மீண்டும் 118க்கு உயரும். ஆளுங்கட்சி சில இடங்களையேனும் வெல்லாவிடில் ஆட்சி நிலைப்பது அரிது. எதிர்க்கட்சி ஏறத்தாழ எல்லா இடங்களையும் வென்றால் ஆட்சி மாறினும் மாறலாம். உறுப்பினரை நீக்கியதனால் ஒரு காலத்தில் எளிதாகிய கணக்கை, மக்கள் மீண்டும் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது.

மே 23ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. பூவிருந்தவல்லியில் தி.மு.க. வேட்பாளர் ஆ. கிருஷ்ணசாமி, அ.இ.அ.தி.மு.க. வேட்பாளரைப் பெரும் வேறுபாட்டில் வென்றார். காமராசர் முன்பு நின்ற குடியாத்தமும் காலியான இடங்களுள் ஒன்றாயிருந்தது, அங்கும் தி.மு.க. வென்றது. அக்குடியாத்தம் அடங்கிய வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் பண வழங்கலைக் காரணமாகக் கொண்டு நிறுத்தப்பட்டபோதும், சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் தடையின்றி நடந்தது ஒரு புதுமை. 22 இடங்களில் தி.மு.க. 13இலும் அ.இ.அ.தி.மு.க. 9இலும் வெற்றி பெற்றன. ஒன்பது இடங்களால் ஆளுங்கட்சி 118 என்னும் எல்லையைக் கடந்தது, ஆட்சி நிலைத்தது. எதிர்க்கட்சியின் வலிமையும் அவையில் உயர்ந்தது. அதே நாளில் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற முடிவுகளும் வெளியாயின, அவற்றில் தி.மு.க. கூட்டணி ஏறத்தாழ எல்லாவற்றையும் கைப்பற்றியிருந்தது. ஒரே சாவடியில், ஒரே நாளில் நின்ற வாக்காளர், அரூர், சாத்தூர், பரமக்குடி போன்ற இடங்களில் சட்டமன்றத்துக்கு அ.இ.அ.தி.மு.க. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். வெண்ணிறத் தாளையும் இளஞ்சிவப்புத் தாளையும் அவர்கள் வேறு வேறாகவே நோக்கினர் போலும்.

புதிய உறுப்பினர்கள் மே மாத இறுதியில் உறுதிமொழி ஏற்றனர். பூவிருந்தவல்லிக்கு அவையில் மீண்டும் ஓர் இருக்கை உரியதாயிற்று. அப்போது ஐந்தாண்டுக் காலத்தில் மூன்றாண்டு கழிந்திருந்தது. எஞ்சிய ஈராண்டு முடிந்து 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பொதுத்தேர்தல் வந்தபோது, பூவிருந்தவல்லி வாக்காளர் கிருஷ்ணசாமியையே மறுமுறையும் தேர்ந்தெடுத்தனர்.